ரோட்டோர வீடு

என் வலது கால் சின்ன வயதிலேயே சூம்பிப்போனது. கக்கத்தில் கட்டை ஊன்றித்தான் நடப்பேன். நமுனுகுல மலைச்சரிவில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்று எங்கள் லயம். ரோட்டுக்கு இறங்க அறுபது கருங்கல் படி, மழை பெய்தால் எல்லாம் பாசி. விடிந்ததும் அண்ணனும் அண்ணியும் பெரட்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே கங்காணி பெயர் கூப்பிட்டு வேலை பிரிப்பார். என் பெயரை அவர் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பகல் முழுக்க லயத்தில் நானும் நாய்களும்தான். பேச்சுத்துணைக்கு நாய் மோசமில்லை, ஆனால் எத்தனை நாளைக்கு?

மண் சரியும் என்று லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் மேட்டில் புது வீடுகள் எழும்பின. அதில் ஒன்றே ஒன்று ரோட்டோரம், படியே கிடையாது. வாசலைத் தாண்டினால் பஸ். பதுளை டவுனில் ஒரு கடையில் தமிழும் சிங்களமும் டைப் செய்ய ஆள் தேடினார்கள். இரண்டும் எனக்குத் தெரியும். அந்த வீடு கிடைத்தால் யாரையும் கெஞ்சாமல் வேலைக்குப் போய் வரலாம்.

அண்ணனோடு பதுளைக்குப் போய் ஆபீசில் அந்த வீட்டைக் கேட்டு மனுக் கொடுத்தேன். சிங்களத்தில் நானே எழுதிய மனு. அங்கிருந்த ஐயா அதைப் படித்தார், என் கட்டையைப் பார்த்தார், "இவளுக்கு இதை யார் எழுதிக் கொடுத்தது?" என்று அண்ணனிடம் சிங்களத்தில் கேட்டார். கால் விளங்காவிட்டால் காதும் கேட்காது என்று நினைத்தாரோ என்னவோ. தோட்டத்து ஆள் என்றாலே பாதி மரியாதைதான். அதோடு நொண்டியும் என்றால் மீதியும் போய்விடும். நான் பதில் சொல்வதற்குள் மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். நான் ஏ.எல். பரீட்சை பாஸ். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூன்றிலும் கையெழுத்துப் போடுவேன். வாயைத் திறந்தால் வீடு கைநழுவிவிடுமோ என்று பயந்து பெருவிரலை அழுத்தினேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

என் காலைக் காரணம் காட்டியதால், அண்ணன் பெயரில் அந்த ரோட்டோர வீடே கிடைத்தது.

பால் காய்ச்சும் நாளன்று, நாலு பேர் என்னைப் பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்துத் தூக்கினார்கள். திருவிழாச் சாமி மாதிரி படியிறங்கி, ரோட்டைக் கடந்தேன். ரோட்டோர வீட்டு வாசலில் வேறு யாருடைய சட்டிபானையோ இருந்தது. கதிரை நிற்காமல் மேட்டுப் படிகளில் ஏறியது.

"எங்கண்ணே போறோம்?"

"கங்காணி கேட்டாரு, மாத்திக் குடுத்துட்டேன். மேல மரக்கறி போட எடம் இருக்கு. ஒனக்கு என்னாத்துக்கு ரோட்டோரம்? நீ எங்க போகப் போற?"

"பதுளைக்கு" என்றேன்.

நாலு பேரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். "படிய நெனச்சு பயப்படாத. தூக்கிட்டு வர நாங்க இல்லையா?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். எங்கள் வீட்டுப் பூசாரி கெட்டவருமில்லை, அதுதான் கஷ்டம். வியர்க்க வியர்க்க ஏற்றினார்கள். அண்ணி பொங்கிய பாலை முதலில் எனக்குத்தான் கொடுத்தாள். சுடச்சுடக் குடித்தேன், அழுகையும் வந்தது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள்.

ஏற்றிவிட நாலு பேர் வந்தார்கள். நான் இறங்க வேண்டியவள் என்று நினைக்கத்தான் அந்தக் கூட்டத்தில் ஒருவரும் இல்லை.