தங்கை வீட்டுப் புல்லும் என் வாசலும்

என் தங்கை வீட்டுப் புல்லைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. நாசூக்காகச் சொல்ல என்ன இருக்கிறது, பொறாமைதான். அவள் கல்யாணமாகி நியூசிலாந்தில், சதா காற்றடிக்கும் ஒரு குளிர் ஊரில் இருக்கிறாள். நான் இங்கே, வெயில் கொளுத்தும் குருபோங்கில் ஒரு வரிசை வீட்டில். அம்மா என்னோடு. அம்மாவுக்குச் சோறு, மாத்திரை, கிளினிக் எல்லாம் நான். ஆனால் காலையில் பசியாறும்போது அம்மாவின் கண் போனில், தங்கை காட்டும் புல்வெளியில்தான் இருக்கும்.

அவளும் சும்மா காட்டமாட்டாள், பாடம் நடத்துவாள். இலை உதிரும் காலத்தில் சருகை வாரிவிட்டு, சொட்டையான இடத்தில் விதை தூவ வேண்டுமாம். காற்று விதையை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பதால் மேலே சலித்த மண் போட்டு வலை விரிக்க வேண்டுமாம். குளிரில் புல்லை ஒட்ட வெட்டக்கூடாது. உறைபனி படிந்த காலையில் மிதிக்கவே கூடாது. வசந்தம் வந்ததும் பாசியைச் சுரண்டி உரம் போட வேண்டும்.

"புள்ளைய வளக்கிற மாதிரி வளக்கிறாடி," என்பார் அம்மா. நான் என் பிள்ளைகளை வளர்ப்பதைப் பற்றி ஒரு நாளாவது இப்படிச் சொல்லியிருப்பாரா?

"ஒனக்கு என்னாக்கா, அங்க காத்து இல்ல, பனி இல்ல. போட்டா தானா வளரும்லா," என்றாள் தங்கை ஒருநாள். எனக்கு வீறாப்பு வந்துவிட்டது. தீபாவளிக்கு அவள் வரப்போகிறாள். அதற்குள் அம்மா வாயால் என் வாசலையும் ஒருமுறை 'பச்சை' என்று சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று இருந்தேன்.

அலோர் காஜா ரோட்டோர நர்சரியிலிருந்து புல் துண்டுகளை வாங்கிவந்து பதித்தேன். வேலை முடிந்து வந்ததும் கால்கூடக் கழுவாமல் தண்ணீர் ஊற்றினேன். வீட்டுமுன் சாக்கடைக் கால்வாய் ஓரத்தில் கத்தரிக்கோல் வைத்து நறுக்கினேன். "எண்ண தேச்சு சடை போடறதுதான் பாக்கி," என்று என் வீட்டுக்காரர் கிண்டலடித்தார். புல் பிடித்துக்கொண்டது, கண்ணுக்குக் குளிர்ச்சியாக. அம்மா கிரில் கதவுக்குப் பின்னால் நின்று பார்ப்பார். ஒரு வார்த்தை சொல்லமாட்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள் தங்கையை ஏர்போர்ட்டிலிருந்து அழைத்து வந்தேன். வழியெல்லாம் எனக்கு அந்த நினைப்புதான். காரைத் திருப்பினால், வாசலில் அம்மா மண்வெட்டியோடு வியர்த்து வழிய நிற்கிறார். புல் மொத்தமும் செதுக்கப்பட்டு ஓரத்தில் குவிந்து கிடக்கிறது. மண்ணில் விளக்கமாற்றுக் கோடுகள்.

"ஐயய்யோ! என்னாம்மா பண்ணி வச்சிருக்கீங்க?" நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நல்ல நாளும் அதுவுமா வாசல்ல புல்லு மண்டிக் கெடக்கலாமா? பாம்பு வரும். வர்றவங்க என்னா நெனப்பாங்க?"

அம்மா எஸ்டேட்டில் புல்லைக் கொல்லும் மருந்தடித்தே எங்களை வளர்த்தவர். அங்கே பண்டிகை வந்தால் முதல் வேலை, வீட்டுமுன் புல்லைச் செதுக்கிப் பெருக்குவதுதான். எனக்கும் தெரியும். ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை.

"அவ வீட்டுப் புல்ல மட்டும் தெனம் கொஞ்சுறீங்க!"

"அவ வீட்ட நான் என்னத்தச் சொல்றது? அடுத்தவங்க வீடு. நல்லாருக்குன்னுதான் சொல்லணும். இது என் வீடுடி. என் வாசல நான்தான் சுத்தம் பண்ணுவேன்."

தங்கை பெட்டியைப் பிடித்தபடி நின்றாள். அம்மா வந்து தங்குவார் என்று அங்கே ஒரு அறையே ஒழித்து வைத்திருக்கிறாள். கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்தவள். அவள் முகம் சுண்டிப்போயிருந்தது. அது காலையில் பசியாறும்போது என்னிடம் இருக்கும் முகம்.

"எங்க வீடும் ஒங்க வீடுதானம்மா," என்றாள் மெல்ல.

அம்மா மண் ஒட்டிய கையால் அவள் கன்னத்தைத் தொட்டார்.

"ஒன் வீடு நல்லாருக்கும்மா. பச்சப் பசேல்னு."