என் பேருக்கு ஓர் ‘உள்ளேன் டீச்சர்’

பள்ளிக்கூடத்துக்குப் பயந்து நான் ஒளிந்த அளவுக்கு எங்கள் ஊரில் யாரும் ஒளிந்ததில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, ஊரே சொல்லும். சோளத்தட்டைப் படப்பு, மாட்டுத் தொட்டி, சுண்ணாம்புக் காளவாசல் என்று எங்கே ஒளிந்தாலும் பிடித்துவிடுவார்கள். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில் கிடக்கும் அந்தக் கரிசல் ஊரில், எண்பதுகளில், எங்களுக்கென்றே ஒரு சட்டம் இருந்தது. அரசாங்கம் போட்டதில்லை. பெரிய வாத்தியாரும் ஊர்ப் பெரியாட்களும் கூடிப் போட்டது. இரண்டாம் மணி அடித்த பிறகு, பதிவேட்டில் பேர் உள்ள பிள்ளை எதுவும் தெருவில் தென்படக் கூடாது. தென்பட்டால் ஐந்தாம் வகுப்பு அண்ணன்மார் நாலு பேர் வருவார்கள். கைக்கு ரெண்டு பேர், காலுக்கு ரெண்டு பேர். குண்டுக்கட்டாகத் தூக்கிப்போய் வகுப்பில் இறக்குவார்கள். பலசரக்குக் கடைக்காரர்கூடத் தராசைப் பிடித்தபடியே, “ஏலே, அந்தா படப்புக்குள்ள இருக்குடா” என்று காட்டிக்கொடுப்பார். அவருக்கு அதில் என்ன லாபமோ.

அந்தச் சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது. பதிவேட்டில் பேரை அடித்துவிட்ட பிள்ளைகளை யாரும் தூக்க மாட்டார்கள். எங்கள் அக்காவுக்கு அந்தச் சலுகை கிடைத்திருந்தது. அக்கா என்றால் பெரியம்மா மகள். என்னைவிட எட்டே மாதம் மூத்தவள். மூன்றாம் வகுப்பு வரை என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பெரியப்பா செத்துப்போன வருஷம் அவள் பேரை அடித்துவிட்டார்கள். அதற்கப்புறம் விடியற்காலையில் தீப்பெட்டிக் கம்பெனி பஸ் வந்து ஊர்ப் பிள்ளைகளோடு அவளையும் ஏற்றிக்கொண்டு போகும். இருட்டும்போது கொண்டுவந்து இறக்கும். பஸ்ஸில் பாட்டுப் போடுவார்களாம். பாலவனத்தம் தாண்டினால் டீயும் பன்னும் உண்டாம். வயிறெரிந்தது எனக்கு.

ஒருநாள் நேராகப் பெரிய வாத்தியாரிடமே போய், “சார், என் பேரையும் அடிச்சிருங்க சார்” என்று கேட்டேன்.

பிரம்பைத்தான் எடுப்பார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “உங்கப்பா நல்லாத்தானே இருக்காரு. போயி உக்காரு தாயி” என்றார். நான் பள்ளிக்கூடம் வருவதற்கும் எங்கள் அப்பா நன்றாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம்? இந்த ஆளுக்குக் காது கேட்கவில்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வாய்ப்பு வந்தது. பெரிய வாத்தியார் ஏதோ மீட்டிங் என்று ரெண்டு நாள் வெளியூர் போனார். எங்கள் வகுப்புக்கு டவுனிலிருந்து புது டீச்சர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்கு எங்கள் முகம் ஒன்றும் தெரியாது. அதே வியாழக்கிழமை அம்மாவும் அப்பாவும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பி, என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டார்கள். ராத்திரி பாயில் படுத்தபடி அக்காவின் காதில் சொன்னேன். நாளைக்கு நீ என் பையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போ, நான் உன் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

“சத்தியமாவா?”

“சத்தியமா.”

விடியும் முன்னே பெரியம்மா அக்காவை எழுப்பி, வாளியில் கஞ்சியை ஊற்றி வைத்துவிட்டு ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். அப்புறம் களையெடுப்பு, பொழுது சாய்ந்துதான் வருவாள். நான் அக்காவின் பாவாடையைக் கட்டி, அவள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றிவிடுகிறவன் தலையைத்தான் எண்ணினான், முகத்தைப் பார்க்கவில்லை. “யாராச்சும் வயசு கேட்டா என்ன சொல்லணும்?” என்று கத்தினான். “பதினாலு முடிஞ்சிருச்சு!” என்று பஸ்ஸே கத்தியது. நானும் கத்தினேன். எனக்கு ஒன்பது.

பாட்டுப் போட்டார்கள், பொய்யில்லை. பாளையம்பட்டி தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன். பன்னும் கிடைத்தது. அதற்கப்புறம் உட்கார வைத்தார்கள் பாருங்கள், தாயே! வரிவரியாகப் பள்ளம் வெட்டிய கட்டை. பள்ளத்துக்கு ஒரு குச்சி. அது நிறைந்தால் அதன் மேல் இன்னொரு கட்டை. அப்படியே அடுக்கிக்கொண்டே போக வேண்டும். பக்கத்துப் பிள்ளைகளின் கை மழை பெய்கிற மாதிரி ஓடுகிறது. நான் குச்சியைப் பொறுக்கி வைப்பதற்குள் அவர்கள் அடுத்த கட்டைக்குப் போய்விடுகிறார்கள். மத்தியானத்துக்குள் விரல் நுனி சிவந்து, சாயங்காலம் தோல் உரிந்துவிட்டது. இடுப்பு எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை. மேஸ்திரி மட்டும் என் தலைக்கு மேல் நின்று, “என்ன புள்ள, இன்னைக்குக் கையில ஆணியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

இருட்டில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அக்கா கருவேல மரத்தடியில் நின்றிருந்தாள். அங்கேயே உடுப்பை மாற்றிக்கொண்டோம். நான் அழுதேன். அவள் வாயெல்லாம் பல்லாக நின்றாள். என் பேரைக் கூப்பிட்டதும் ‘உள்ளேன் டீச்சர்’ என்றாளாம். காட்டிக்கொடுக்கக் கூடாதென்று வகுப்புக்கே தீப்பெட்டிப் படம் பங்கு வைத்தாளாம். அதைக் கேட்கிற நிலைமையிலா நான் இருந்தேன்?

சனிக்கிழமை அப்பா அருப்புக்கோட்டை பஜாருக்குப் போனார். அங்கே எதிரே வந்த புது டீச்சரைக் கூட வந்த ஊர்க்காரர் காட்ட, டீச்சர் விசாரித்து, நான் இவர் மகள் என்று தெரிந்ததும் நடுரோட்டிலேயே சொல்லிவிட்டார். “ஒங்க பொண்ணு வாசிச்சதைக் கேட்டு நானே அசந்து போனேங்க. விட்டுறாதீங்க, நல்லாப் படிக்க வைங்க.” அப்பா அரைக்கிலோ சேவு வாங்கிக்கொண்டு வீடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பெரியம்மாவையும் அக்காவையும் கூப்பிட்டு உட்கார வைத்து, சேவு மடித்திருந்த பேப்பரை என் கையில் கொடுத்து, “வாசி கண்ணு” என்றார். முதல் வார்த்தையைக் கூட்டினேன். ரெண்டாவது வார்த்தை வரவில்லை. அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

“அக்காதான் பையப் புடுங்கிட்டு என்னைய பஸ்ஸுல ஏத்தி விட்டா” என்றேன். வெட்கமில்லாமல் சொன்னேன். அக்கா இல்லையென்று சொல்லவே இல்லை. பெரியம்மா அவள் முதுகில் ரெண்டு வைத்தாள். வைத்துவிட்டு வெளியே போய் மூக்கைச் சிந்தினாள். அம்மா தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து என் விரல் ஒவ்வொன்றுக்கும் தடவிக்கொண்டே அழுதாள். “பச்சப் புள்ள கைய இப்பிடிப் பண்ணிப்புட்டாகளே பாவிக!” அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷமாகக் கட்டை அடுக்கிய கை அது. யாரும் நீட்டச் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் நான் ‘உள்ளேன் டீச்சர்’ என்றதும் டீச்சர் தலை தூக்கி வெகுநேரம் பார்த்தார். பிள்ளைகள் சிரித்துச் சொல்லிவிட்டார்கள். அவர் பெரிய வாத்தியாரிடம், “நாலு பசங்களை அனுப்பி அந்தப் பொண்ணைக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க சார்” என்று கேட்டது எங்களுக்கே கேட்டது. பேர் இல்லாத பிள்ளையை எந்தக் கணக்கில் தூக்கச் சொல்வது என்றார் அவர். டீச்சர் ஒரு சாயங்காலம் பெரியம்மா வீட்டுக்கே போனார். பெரியம்மா நாற்காலி இரவல் வாங்கிப் போட்டாள், கலர் சோடா வாங்கிக் கொடுத்தாள். சரி என்று மட்டும் சொல்லவில்லை. நண்டும் சிண்டுமாக இன்னும் ரெண்டு பிள்ளைகள் வீட்டில் இருந்தன.

நான் அதற்கப்புறம் ஒருநாளும் ஒளியவில்லை. முதல் மணிக்கே போய் உட்கார்ந்துவிடுவேன். எங்கள் வீட்டில் இன்றைக்கும் இதை நான் திருந்திய கதையாகத்தான் சொல்கிறார்கள். “ஒருநா கம்பெனிக்குப் போயிட்டு வந்தா, டீச்சராவே ஆயிட்டா!” என்று என் பிள்ளைகளிடமே சொல்லிச் சிரிக்கிறார்கள். உண்மைதான், நான் டீச்சராகத்தான் இருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே அக்கா என்னிடம் வந்திருந்தாள். அடி வாங்கின கோபம் கொஞ்சமும் இல்லை.

“ஏ புள்ள, நாளைக்கும் பஸ்ஸுல போறியா? ஒரே ஒரு நாளு.”

“போக்கா. எனக்குக் கை வலிக்குது.”

“சரி. அப்பம் அன்னைக்கு நான் வாசிச்ச பாடத்துல மிச்சத்தையாவது வாசிச்சிட்டு வந்து சொல்லு. ஆட்டத் தேடி மலைக்குப் போன புள்ள கீழ எறங்குச்சா இல்லையான்னு. அதுக்குள்ள மணி அடிச்சிட்டாக.”

சொல்கிறேன் என்றேன். அந்தப் பாடத்தை டீச்சர் மறுநாளே முடித்துவிட்டார், நான் கவனிக்கவில்லை. தினமும் இருட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் எங்கள் வாசலுக்கு வந்து கேட்பாள். “இன்னும் நடத்தலக்கா” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ரெண்டு வாரம் கேட்டிருப்பாள். ஒருநாள் பஸ்ஸை விட்டு இறங்கியவள் எங்கள் வாசலைத் தாண்டி நேராகப் போய்விட்டாள். அப்பாடா, தொல்லை விட்டது என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.