மிதி, பிடி, விடு

அந்தப் பட்டறைக்குக் கார் கொண்டு வருகிற எல்லோரும் அவளை மிதி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டறை அவள் கணவருடையது. பிரேக் வேலை மட்டும்தான். என்ஜின், ஏசி என்று யாராவது வந்து நின்றால், தலையைத் தூக்காமலே பக்கத்துத் தெருவைக் கை காட்டிவிடுவார்.

பிரேக் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கீழே உட்கார்ந்து ஒரு சின்னத் திருகைத் திறந்து திறந்து மூட வேண்டும். இன்னொருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். கல்யாணமான இரண்டாவது மாதம், மிதிக்க ஆள் இல்லையென்று அவர் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் ஈரக் கையோடு வந்து உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடம் ஆகிறது.

"மிதி" என்பார் கீழேயிருந்து. மிதிப்பாள். "பிடி" என்பார். அமுக்கிப் பிடிப்பாள். திருகைத் திறந்து மூடிவிட்டு "விடு" என்பார். விடுவாள். ஒரு சக்கரத்துக்குப் பத்துத் தடவையாவது. அவளுடைய வலது செருப்பு இடதைவிட இரண்டு மாதம் முந்தித் தேயும். அந்தக் காலுக்குத் தெரியாத பிரேக் கிடையாது. குழாயில் காற்று இருந்தால் ஈரப் பஞ்சை மிதிப்பதுபோல் இருக்கும். ரப்பர் குழாய் பழசாகி உப்பினால் பழுத்த பழத்தை மிதிப்பதுபோல். எல்லாம் சரியாக இருந்தால் மாடிப்படியில் கால் வைத்த மாதிரி நிற்கும்.

பெடலுக்கு அடியில் அவள் ஒரு மரக்கட்டை வைப்பாள், சோப்புக்கட்டி அளவில். கால் தரை வரைக்கும் போகாமல் தடுப்பதற்கு. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் என்கிற குழலுக்குள் ஒரு ரப்பர் வளையம் முன்னே போய்ப் பின்னே வரும். பழைய கார்களில் அது வருடக்கணக்காகப் பாதி தூரம்தான் போய் வந்திருக்கும். மீதிப் பாதி துருவும் அழுக்குமாகக் கிடக்கும். தரை வரைக்கும் ஓங்கி மிதித்தால் வளையம் அந்தத் துருவுக்குள் போய்க் கிழிந்துவிடும். முதல் வருடத்தில் ஒரு வாடகைக் காரை அப்படிக் கெடுத்து, அதன் டிரைவரிடம் தெருவே கேட்கும்படி வாங்கிக் கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து கட்டை இல்லாமல் காலைத் தூக்கியதில்லை.

எத்தனையோ கார்களின் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்றுக்கும் சக்கரம் இருந்ததில்லை. எல்லாம் ஸ்டாண்டு மேல் நிற்கிற கார்கள். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தால் பட்டறைச் சுவர்தான் தெரியும். அந்தச் சுவரில்தான் அவளுடைய நாத்தனாரின் போட்டோ மாட்டியிருந்தது.

நாத்தனார் பல் டாக்டர். கணவருக்கு ஒரே தங்கை. சிவப்பு நிறத்தில், இரண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருந்தாள். ஊருக்கு வெளியே ரேஸ் ஓடுதளம் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுபோய் ஓட்டலாம். கோப்பை கிடையாது, மெடல் கிடையாது. ஒரு சுற்று முடிக்க எவ்வளவு நேரம் ஆனது என்று பலகையில் போடுவார்கள், அவ்வளவுதான். போட்டோவில் பல் டாக்டர் ஹெல்மெட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு காரின் மேல் சாய்ந்து நின்றாள். பட்டறைக்கு வருகிறவர்கள் யார் இது என்று கேட்பார்கள். "என் தங்கச்சி" என்பார் அவர், தானே ஓட்டிய மாதிரி. கேட்கும்போதெல்லாம் சீட்டில் இருப்பவளின் வயிற்றில் யாரோ அடுப்பு மூட்டுவார்கள்.

அன்று சனிக்கிழமை. பல் டாக்டர் ஒரு பெட்டி நிறையச் சாமான்களோடு வந்திருந்தாள். அவளுடைய நேரம் இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. நீலக் கார் வைத்திருக்கும் ஒரு பேங்க் மேனேஜர் இரண்டு ஒன்பதில் முடித்துவிடுகிறார்.

"ரெண்டு செகண்டும் பிரேக்லதான்ணா போகுது. நாலாவது சுத்துல பெடல் பஞ்சாயிடுது. அந்த ஆளு வளைவுக்குப் பக்கத்துல வந்துதான் மிதிக்கிறாரு. நான் பயந்துகிட்டு முன்னாடியே மிதிச்சிடுறேன்."

"சூடு. எல்லாம் சூடு பண்ற வேலை" என்று அவர் ஆரம்பித்தார்.

வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற மனிதர், தங்கையிடம் ஒரு மணி நேரம் சூட்டைப் பற்றிப் பேசினார். சக்கரத்தோடு சுற்றுகிற டிஸ்க் தட்டைப் பெரிதாகப் போட்டால் சூடு பரவ இடம் கிடைக்கும் என்றார். நாலு பிஸ்டன் காலிப்பர் என்கிற கவ்வி, டிஸ்கை உரசி நிறுத்தும் பேடை ஒரே சீராக அழுத்தும் என்றார். ரப்பர் குழாயை எடுத்துவிட்டு இரும்பு வலை சுற்றிய குழாய் போட வேண்டும். பிரேக் ஆயில் எளிதில் கொதிக்காத வகையாக இருக்க வேண்டும். காரின் மூக்குப் பக்கமிருந்து டிஸ்குக்குக் காற்று வர வழி விட வேண்டும். பல் டாக்டர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டாள். டீ கொண்டுவந்து வைத்தவளை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

"மாஸ்டர் சிலிண்டர் பழசாவே இருக்கட்டுமா?" என்று கடைசியாகக் கேட்டாள் தங்கை.

"பதினோரு வருஷமா ஒழுகாம இருக்கு. அதை ஏன் தொடணும்?"

மாலை நாலு மணிக்கு எல்லாம் பூட்டி முடிந்தது. இனி காற்று எடுக்க வேண்டும். மிதி அக்கா சீட்டில் உட்கார்ந்து கட்டையை வைத்தாள். சீட் அவள் உடம்பை இரண்டு பக்கமும் அணைத்துப் பிடித்தது. முதல் மூன்று சக்கரங்கள் ஒழுங்காக முடிந்தன. நாலாவதுக்குப் போகும்போது, அண்ணன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த பல் டாக்டர் கேட்டாள்: "ஏண்ணா, அண்ணிகிட்ட லைசென்ஸ் இருக்கா?"

"இருக்கே. பீரோவுல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. அந்த லைசென்ஸுக்காக அவள் ஆறு வாரம் காலையில் எழுந்து பழகியிருக்கிறாள். எட்டு போட்டுக் காட்டி முதல் தடவையிலேயே வாங்கியது. அதற்குப் பிறகு ஓட்டியதெல்லாம் பட்டறைக்குள் முன்னே நாலடி, பின்னே நாலடி.

கட்டை நழுவி சீட்டுக்கு அடியில் போனது அவளுக்குத் தெரிந்தது. குனிந்தால் எடுத்திருக்கலாம். கீழே இன்னும் சிரிப்பு ஓயவில்லை.

"மிதி" என்றார்.

ஓங்கி மிதித்தாள். பெடல் தரையில் போய் இடித்தது. உள்ளங்காலுக்கு அடியில் எங்கோ ஒரு நூல் அறுந்த மாதிரி இருந்தது.

"பிடி." பிடித்தாள். "விடு." விட்டாள்.

வேலை முடிந்ததும் அவர் தானே ஏறி உட்கார்ந்து, பலமாக நாலு தடவை மிதித்துப் பார்த்தார். கல் மாதிரி நின்றது. தெருமுனை வரைக்கும் ஓட்டிவிட்டு வந்து, "வெண்ணெய் மாதிரி இருக்கு. இருட்டப்போகுது, புது பேடை நாளைக்கு ஓடுதளத்துலயே பதிய வச்சுக்கலாம்" என்றார். சீட்டைத் துடைப்பதற்காக உள்ளே ஏறிய மிதி அக்கா காலை லேசாகப் பெடல் மேல் வைத்துப் பார்த்தாள். முதலில் நின்றது. பிறகு, தூக்கம் வந்தவன் தலை சாய்வதுபோல், மெல்ல மெல்லக் கீழே போயிற்று.

சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு அவளிடம் ஒரே பதில்தான் இருந்தது. அதை நாத்தனார் முன்னால் சொல்வதற்கு நாக்கு எழவில்லை. தவிர, நாளைக்கு ஒரு சுற்றில் அந்தச் சிவப்புக் கார் பேர் கெட்டுத் திரும்பி வந்தால் என்ன என்றும் தோன்றியது. பேர்தான் கெடும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் காரை லாரியில் ஏற்றி ஓடுதளத்துக்குக் கொண்டுபோனார்கள். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாகக் கார்கள். பெட்ரோல் வாசனை. எதிரே நீளமான நேர்ப்பாதை. அதன் முடிவில் வலப்பக்கம் ஒரு முரட்டு வளைவு. வளைவுக்குப் பின்னால் டயர்களை அடுக்கிய சுவர். நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்தில் வருகிற கார் அங்கே அறுபதுக்கு இறங்க வேண்டும்.

பல் டாக்டர் கையுறை மாட்டுவதற்கு முன்னால், வழக்கம்போல் காதிலிருந்து தோடுகளைக் கழற்றி அண்ணியிடம் நீட்டினாள். "பத்திரம் அண்ணி. வந்து வாங்கிக்கிறேன்."

ஒவ்வொரு தடவையும் இதுதான். இவள் ஓட்டுவாள், நான் தோடு பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதற்காகவே மிதி அக்கா மனசுக்குள் பொருமுவாள். இன்று தோடுகள் உள்ளங்கையில் உடம்புச் சூட்டோடு கிடந்தன. வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போகிறாள். நேர்ப்பாதையில் பேங்க் மேனேஜரின் நீலக் கார் இரைந்துகொண்டு போய், அந்த வளைவில் கடைசி நொடியில் பிரேக் பிடித்தது.

மிதி அக்கா போய்ச் சிவப்புக் காரின் ஜன்னலைத் தட்டினாள்.

"லேசா மிதி."

"என்ன அண்ணி? கூப்பிடுறாங்க, போகணும்."

"லேசா. தூங்குற புள்ளைமேல போர்வை போடுற மாதிரி. வச்சுட்டுப் பத்து எண்ணு."

பல் டாக்டர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து எண்ணினாள். ஏழில் குரல் நின்றது. "அண்ணி, இறங்குது."

அவர் ஓடி வந்தார். தானே உட்கார்ந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "நேத்து கல்லு மாதிரி நின்னுச்சே."

"நீங்க ஓங்கி மிதிச்சீங்க. ஓங்கி மிதிச்சா நிக்கும், சூடேறுற வரைக்கும். லேசா மிதிச்சாத்தான் வேஷம் கலையும்."

"கட்டை வச்சியா?"

"நழுவிடுச்சு."

"எடுத்து வைக்கிறதுதானே?"

"நீங்க ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க."

அவர் திருப்புளியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பல் டாக்டர்தான் கேட்டாள். "நேத்தே தெரியுமா அண்ணி?"

"தெரியும்."

"காலையில டிபன் சாப்பிடும்போதும் தெரியுமா?"

"தெரியும்னு சொல்றேன்ல."

பல் டாக்டர் ஹெல்மெட்டைக் கழற்றினாள். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. கையை நீட்டினாள். "தோட்டைக் குடுங்க."

அன்று முழுக்கப் பல் டாக்டர் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து நீலக் காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் இரண்டு எட்டு என்று விழுந்தபோது உதட்டைக் கடித்தாள். அந்த முகம் மிதி அக்காவுக்கு நன்றாகத் தெரியும். பத்தொன்பது வருடமாக முன்கண்ணாடியில் மங்கலாகப் பார்த்துவரும் தன் சொந்த முகம். ஆனால் பல் டாக்டருக்கு அது வந்ததும் ஊரே கூடிவிட்டது. ஒருவர் டீ கொடுத்தார். இன்னொருவர் பிஸ்கட் நீட்டினார். பேங்க் மேனேஜரே வந்து, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் டாக்டர் என்று தேற்றினார். பொறாமைப்படுவதில்கூட இவளுக்குத்தான் மரியாதை என்று நினைத்து, மிதி அக்கா காலிக் கையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். யாரும் அவளிடம் கோபப்படக்கூட வரவில்லை.

அடுத்த வாரம் புது மாஸ்டர் சிலிண்டர் வந்து பூட்டியாயிற்று. மறுபடி காற்று எடுக்க வேண்டும். மிதி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தபோது டிரைவர் சீட்டில் பல் டாக்டர் இருந்தாள்.

"நானே மிதிச்சுக்கிறேன் அண்ணி. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

குரலில் சர்க்கரை இருந்தது, அதற்கடியில் ஊசியும் இருந்தது. அவர் சக்கரப் பக்கமிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அந்த சீட்டிலிருந்து என்றைக்கு எழுந்திருப்போம் என்று ஏங்கியவள்தான். ஆனால் இன்னொருத்தி அதில் உட்கார்ந்து, தன் கணவர் "மிதி" என்று சொல்லக் காத்திருப்பதைப் பார்த்ததும், காது மடல் வரைக்கும் சூடேறியது.

"இறங்கு."

"ஏன், மறுபடியும் கோபம் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"கட்டையில ஓட்டை போட்டுக் கயிறு கட்டியிருக்கேன். பாரு." கயிற்றின் மறுமுனை அவள் மணிக்கட்டில் இருந்தது. "எனக்குக் கோபம் வந்தாலும் இதுக்கு வராது. நீ மிதிச்சா பெடல் நிக்குதுன்னுதான் தெரியும். எப்படி நிக்குதுன்னு தெரியாது. எனக்குத் தெரியும். இறங்கு."

பல் டாக்டர் அண்ணனைப் பார்த்தாள். அவர் திருகைத் துடைத்துக்கொண்டே, "அவ சொல்றது சரிதான்" என்றார். அன்றைய ஒன்பது வார்த்தையில் மூன்றைச் செலவழித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பல் டாக்டர் இறங்கினாள்.

"இன்னொண்ணு" என்றாள் மிதி அக்கா, உட்காராமல். "புது பேட் பதிய வைக்கணும்ல?"

புது பேடும் புது டிஸ்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். எண்பதில் போய் இருபதுக்கு இறக்கி, நிற்காமல் மறுபடி எண்பது. இப்படிப் பத்துத் தடவை. பட்டறைக்குப் பின்னால் குடோன்கள் இருக்கிற காலிச் சாலையில் அதைச் செய்வது எப்போதும் அவர்தான். வாரத்தில் அவர் விசிலடிக்கிற ஒரே வேலை அதுதான்.

"அந்த ஓட்டம் என்னோடது. இந்தக் காருக்கு மட்டும் இல்ல, இனிமே வர்ற எல்லாத்துக்கும். ஒத்துக்கிட்டா உக்காருறேன்."

"அண்ணி, என் கார்" என்றாள் பல் டாக்டர்.

"என் காலு."

அவர் கையிலிருந்த துணியைத் தோளில் போட்டார். பிறகு, "பீரோ சாவி எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"இதோ" என்று பையிலிருந்து லைசென்ஸை எடுத்து டாஷ்போர்டு மேல் வைத்துவிட்டு, கட்டையைப் பெடலுக்கு அடியில் தள்ளினாள்.

நாலு சக்கரமும் முடிய முக்கால் மணி நேரம் ஆனது. மாடிப்படி மாதிரி நின்றது பெடல். கால் லேசாக வைத்து முப்பது வரைக்கும் எண்ணினாள், அசையவில்லை. அவர் சக்கரங்களை மாட்டி, ஸ்டாண்டுகளை எடுத்தார். கார் தரையில் இறங்கும்போது அவள் உள்ளேயே இருந்தாள். இறங்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மணிக்கட்டுக் கயிற்றை அவிழ்த்துக் கட்டையைப் பக்கத்து சீட்டில் வைத்தாள். சாவியைத் திருப்பினாள்.

சுவரில் இருந்த போட்டோ ஒருபக்கமாக நகர்ந்து மறைந்தது. வாசல் வந்தது, சாலை வந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தாள். அண்ணனும் தங்கையும் பட்டறை வாசலில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

எண்பதைத் தொட்டதும், "மிதி" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மிதித்தாள்.