முத்தலிப்பின் பேரில் மூன்று ஏக்கர்

என் மகள் றம்ஸியாவின் மாப்பிள்ளை கச்சிமுகம்மது மருதமுனைக்காரர். எண்பத்திரண்டில் கலியாணம் முடிந்து, எங்கள் ஊர் வழக்கப்படி பெண் வீட்டுக்கு, அதாவது கல்முனைக்குடியில் என் வீட்டுக்கு வந்தார். வரும்போது உடுக்க நாலு சாரனும் ஒரு பிஸ்கட் பேணியும் கொண்டுவந்தார். பேணிக்குள் என்ன என்று மகளைத் திறந்து பார்க்கச் சொன்னேன். கறுப்பாய்ச் சதுரமாய் மெல்லிய மட்டைகள், நடுவில் வறுத்த அரிசி கட்டிய துணி முடிச்சு. கொம்பியூட்டருக்குப் போடுகிற பிளாப்பியாம். கடற்காற்றின் ஈரம் அதைக் கெடுத்துவிடும் என்று அரிசி வைத்திருக்கிறாராம். உலைக்குப் போக வேண்டிய அரிசி. அன்றைக்கே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடிக்காமல் போனது.

மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பது எங்கள் வீட்டில் இல்லை. எனக்கு ஒன்று வேண்டுமென்றால் றம்ஸியாவிடம் சொல்வேன். அவள் கதவடியில் நின்று அவரிடம் சொல்வாள். பதிலும் அதே வழியாக வரும். எனக்கும் அவருக்கும் நடுவில் நாலு முழம் இடம்தான் இருக்கும், ஆனாலும் அப்படித்தான்.

அவருக்கு வேலை ஒரு நீர்த்திட்டக் கந்தோரில். வெளிநாட்டு உதவியில் நடந்தது, இப்போது அது இல்லை. அங்கே ஒரு கொம்பியூட்டர் வைத்தார்கள். வெள்ளைக்காரர் ஒருவர் அதற்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் பக்கத்து முந்நூற்றுப் பன்னிரண்டு காணிக்கும் எந்த நாளில் வாய்க்கால் தண்ணீர் என்று அது கடதாசியில் அடித்துத் தரும். காணிகளின் விபரத்தையெல்லாம் அதற்குள் எழுதிப்போட்டவர் கச்சிமுகம்மது.

எண்பத்தைந்தில் கந்தோரின் பின் அறை எரிந்து, கையெழுத்துப் பதிவெல்லாம் சாம்பலானது. பேணி எங்கள் வீட்டில் இருந்ததால் பிளாப்பி தப்பியது. எண்பத்தெட்டுச் சித்திரையில் அந்தக் கொம்பியூட்டரும் புகைந்து செத்தது. புதிதாகக் கொழும்பிலிருந்து வந்த ஒன்று மேசைமேல் இருந்தது. ஆனால் பழைய புரோகிராமைப் போட்டால் அதற்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டும் வேறு வேறு சாதி மிசினாம்.

அந்த நேரம்தான் அரசாங்கத்தின் ஒரு கட்டளை வந்தது. இந்தத் தண்ணீர்ப் பட்டியலில் காணிக்காரர் என்று யார் பேர் இருக்கிறதோ அவருக்கே காணியின் உரிமைப் பெர்மிட். பட்டியல் இருந்தது பேணிக்குள் இருந்த பிளாப்பியில் மட்டும்தான், அது வைகாசி முடிய முன் போய்ச் சேர வேண்டும்.

அவரோடு வேலை செய்த அமிர்தலிங்கம் பாண்டிருப்பு ஊர்ப் பிள்ளை. கொழும்புச் சிநேகிதர் ஒருவரிடமிருந்து வேறொரு பிளாப்பி கொண்டுவந்தார். அதில் இருந்த புரோகிராம் புது மிசினுக்குள் உட்கார்ந்து பழைய மிசினைப் போல நடக்குமாம். பழைய புரோகிராம் தன் பாஷையில் ஒன்று கேட்டால், அதைப் புது மிசினுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்லி, பதிலைத் திரும்பப் பழைய பாஷையில் கொடுக்குமாம். றம்ஸியா இதை எனக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாட்டைப் பார்த்து, நீ கதவடியில் நின்று செய்கிற வேலைதானே என்றேன். அவள் அதைப் போய் அவரிடம் சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தது கேட்டது. ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை.

பழைய பிளாப்பியைப் புது மிசின் வாசிக்கவே பதினொரு நாள் போனது. கரண்ட் நின்று நின்று வந்தது. பன்னிரண்டாம் நாள் புரோகிராம் ஓடியது. பழைய மிசினில் வந்த அதே பச்சை எழுத்து, அதே கேள்வி, வெள்ளைக்காரர் விட்ட எழுத்துப் பிழைகூட அப்படியே. கந்தோரில் பிளேன்டீயும் பணிஸும் வாங்கிக் கொடுத்தார்களாம்.

நான் றம்ஸியாவிடம், எங்கள் வயலுக்குத் தண்ணீர் என்றைக்கு என்று கேட்டுவரச் சொன்னேன். அவர் மறுநாள் பட்டியலையே கொண்டுவந்தார். ஓரமெல்லாம் ஓட்டையுள்ள நீளக் கடதாசி. றம்ஸியா இங்கிலீஸ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள். ஆலையடி வட்டை, மூன்று ஏக்கர், காணிக்காரர் முத்தலிப் என்று வாசித்தாள்.

முத்தலிப் என் மாப்பிள்ளை, றம்ஸியாவின் வாப்பா. அவர் மௌத்தாகி, அடக்கம் செய்து நாலு வருடம்.

ஆலையடி வட்டை வயல்வெளியில் அந்த மூன்று ஏக்கர் என் உம்மாவின் வாப்பா காடு வெட்டித் திருத்தியது. அவர் என் உம்மாவுக்குச் சீதனமாய்க் கொடுத்தார், உம்மா எனக்குக் கொடுத்தா, நான் றம்ஸியாவுக்குச் சொல்லிவைத்திருந்தேன். உறுதிப் பத்திரம் ஒன்றும் கிடையாது, எல்லாம் வாய்ச்சொல். முத்தலிப்பின் காணி என்று எழுத்தாகிவிட்டால், எனக்கு ஆண்பிள்ளை இல்லாதபடியால், சம்மாந்துறையில் இருக்கிற அவருடைய சகோதரர்களுக்கும் பங்கு வரும். என் உம்மாவின் நிலத்தில்.

மற்றப் பேர்களையும் வாசிக்கச் சொன்னேன். வாசித்துக்கொண்டே போனாள். எல்லாம் ஆண்கள். முந்நூற்றுப் பன்னிரண்டில் ஒரு பெண் பேர் இல்லை. எங்கள் ஊரில் வயல் பெண்களுடையது, வெள்ளாமை செய்கிறவர்கள் ஆண்கள். எழும்பிப் போய் அவருக்கு முன்னால் நின்றேன்.

"மருமகன், என்ட உம்மாட காணி எப்பிடி அவர்ட பேருக்குப் போன?"

அவர் கையில் இருந்த சோற்றோடு எழும்பினார். முதலில் றம்ஸியாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எண்பத்திரண்டில வட்டைக் கூட்டத்தில பேர் கூப்பிட்டு எழுதின மாமி. கூட்டத்துக்கு வந்த ஆக்கள் ஆம்புளைகள். வந்த ஆக்கள்ட பேர நான் போட்டன்."

"இப்ப புது மிசின்தானே? அது சரியாக்காதா?"

"புது மிசினுக்குள்ள இரிக்கிற பழைய மிசின்தான் மாமி. நான் போட்ட பிழைய அது பிழையாத்தான் தரும். அப்பிடித் தரோணும் எண்டுதான் பன்னெண்டு நாள் பாடுபட்ட."

சொல்லிக்கொண்டே றம்ஸியாவிடமிருந்து கடதாசியை இடது கையால் வாங்கினார். ஆறு வருடம் அந்தப் பட்டியலை வைத்திருந்தவர், அது என்ன பட்டியல் என்று அப்போதுதான் பார்த்தார்.

புரோகிராமில் ஒரு காணிக்கு ஒரு பேருக்குத்தான் இடம். அதைத் திறந்து இரண்டாவது இடம் வைக்க யாராலும் முடியாது. இருக்கிற பேரை அழித்து வேறு பேர் போடலாம். காணிக்காரி வந்து கைநாட்டு வைக்க வேண்டும், பக்கத்து வயல்காரர் இரண்டு பேர் ஓம், அவளுடையதுதான் என்று சொல்ல வேண்டும். பட்டியல் போக நாலு நாள் இருந்தது.

மறுநாள் காலையில் நான்தான் முதல் ஆளாய்ப் போனேன். அவர் எங்கள் காணியை எடுத்தார், முத்தலிப்பை அழித்தார், கையை எழுத்துக் கட்டைமேல் வைத்துக்கொண்டு சும்மா இருந்தார். என்ன என்று கேட்டேன்.

"மாமிட பேர் என்ன?"

ஆறு வருடம் என் சோற்றைத் தின்றவர். நானும் யோசித்துப் பார்த்தேன். என்னை எல்லோரும் றம்ஸியாட உம்மா என்பார்கள், அதற்கு முன் முத்தலிப்பின் பெண்சாதி என்றார்கள். என் பேரை யார் கடைசியாகக் கூப்பிட்டது என்று நினைவு வரவில்லை. அமிர்தலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். "ஸைனம்பு" என்றேன். என் குரல் எனக்கே யாரோ போல் கேட்டது.

பிறகு வீடு வீடாகச் சொல்லி அனுப்பினேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெண்கள் வந்தார்கள். சிலரின் மாப்பிள்ளைமாரும் பின்னால் வந்து சத்தம் போட்டார்கள். பெரிய உத்தியோகத்தர் சிங்களவர், யார் அனுமதி தந்தது என்று கேட்டார். காணிக்காரர் என்ற இடத்தில் காணிக்காரரைப் போடுகிறோம் என்று கச்சிமுகம்மது சொல்லச் சொன்னாராம். அமிர்தலிங்கம் அதைச் சிங்களத்தில் சொன்னார். அடுத்த மாதம் கச்சிமுகம்மதுவைப் பொத்துவிலுக்கு மாற்றினார்கள். அந்த நாலு நாளில் நூற்று நாற்பத்தாறு காணிக்குப் பேர் மாறியது.

மற்றவை மாறாமலே போயின. அதில் ஒன்று ஜெமீலாவினுடையது. அவள் அடுத்த வளவுக்காரி, வேலிக்கு அந்தப் பக்கத்து வீடு. என் ஆடு அவளுடைய பயற்றங்கொடியைத் தின்றது என்று இரண்டு வருடமாய் எங்களுக்குள் கதைபேச்சு இல்லை. அவளுக்கு நான் சொல்லி அனுப்பவில்லை. யாராவது சொல்வார்கள் என்று இருந்துவிட்டேன். ஒருவரும் சொல்லவில்லை. பெர்மிட் அவள் மாப்பிள்ளையின் பேரில் வந்தது. அடுத்த போகத்துக்கு முன்பே அவர் காணியை அக்கரைப்பற்று ஆள் ஒருவருக்குக் காசுக்குக் கைமாற்றிவிட்டார்.

ஜெமீலா என் வாசலுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் ராத்தா செல்லல்ல?"

கச்சிமுகம்மது லீவில் வந்திருந்தார். உள்ளே இருந்து அதைக் கேட்டவர், சேர்ட்டைப் போட்டுக்கொண்டு பழைய கந்தோருக்குப் போனார். இப்போது அவருடைய மிசினில் வேலை செய்கிறவரிடம் கேட்டு, அந்தக் காணிக்கு ஜெமீலாவின் பேரைப் போட்டுவிட்டு வந்தார். பெர்மிட்டை அது ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு போகமும் தண்ணீர்க் கடதாசி அவளுடைய பேரில் வந்தது. அக்கரைப்பற்று ஆள் அதைக் காட்டித்தான் தண்ணீர் எடுத்தார்.