மோட்டார் அம்மாவின் மகள் விடுதிக்குப் போனாள்

பல்கலைக்கழகத்தின் பின்வாசலை ஒட்டிய சந்தில் ஒரு மாடி வீடு. அறைகளெல்லாம் மாணவிகளுக்கு வாடகைக்கு. வீட்டுக்காரியை அவர்கள் நேரில் ‘ஆன்ட்டி’ என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ‘மோட்டார் அம்மா’. தண்ணீர் மோட்டாரின் சுவிட்சை இரும்புப் பெட்டிக்குள் பூட்டி, சாவியை இடுப்பில் செருகி வைத்திருப்பாள். தலைக்குச் சோப்புப் போட்டபின் குழாய் நின்றுபோன எவளோ வைத்த பெயர் அது.

கைக்குழந்தையோடு அவளை விட்டுவிட்டுக் கணவன் வேறொருத்தியுடன் போய்விட்டான். ஒழுகும் வீட்டின் முன்னறையை வாடகைக்கு விட்டுப் பிழைக்க ஆரம்பித்தாள். கொத்தனார், மின்வாரியம், அண்டைவீடு என்று எல்லோரிடமும் மல்லுக்கு நின்று மாடி எழுப்பினாள். அப்போது ஏறிய குரல் அதற்கப்புறம் இறங்கவேயில்லை.

அவளுடைய ஜென்ம விரோதி, மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த மாணவியர் விடுதி. அறை பார்க்க வரும் பெற்றோரிடம், “அது ஜெயிலுங்க. மூட்டைப்பூச்சி பிடுங்கித் தின்னுடும். வார்டன் ஒரு ராட்சசி” என்பாள். உள்ளே அவள் காலடி வைத்ததே கிடையாது.

மகளுக்கு அதே பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க இடம் கிடைத்தது. தெருவெல்லாம் சொல்லி மாய்ந்தாள் அம்மா. ஆனால் வீட்டில் மகள் பென்சிலை எடுத்தால் போதும், “மோட்டாரைப் போடு”, “மாடியில யாரு கத்துறா, போய்ப் பாரு” என்று ஏவல் வரும். வகுப்புத் தோழிகள் விடுதியில் கூடி வேலை செய்தார்கள். பின்வாசலைச் சாயங்காலமே பூட்டிவிடுவதால் இவள் பாதியில் எழுந்து ஓடிவர வேண்டியிருந்தது.

ஒருநாள், வந்தவர்களுக்கு அறை காட்டுவதற்காக, மகள் காலி அறையில் அட்டையால் செய்து வைத்திருந்த கட்டட மாதிரியைத் தூக்கி மொட்டைமாடியில் வைத்தாள் அம்மா. மழை பெய்தது. மறுநாள் அதைக் காட்டி மதிப்பெண் வாங்க வேண்டும். ஊறிப்போன அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மகள் அழவில்லை. நேராகப் போய் விடுதிக்கு விண்ணப்பித்தாள்.

“மதில் தாண்டுறதுக்கு உனக்கு ஒரு ரூமாடி? ஊரே சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். அங்க லைப்ரரி பக்கத்துல. சந்தேகம் வந்தா அடுத்த ரூமைத் தட்டினாப் போதும். இங்க நான் உள்ள நுழைஞ்சாலே எல்லாரும் பேச்சை நிறுத்திடுறாங்க.”

“ஏன் நிறுத்தணும்?”

“உன் பொண்ணுன்னு பயம்.”

“போனா திரும்பி வராதே.”

“சரி” என்றாள் மகள். கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தவளுக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது.

மகள் விடுதிக்குப் போனபின், ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அம்மா விடுதிக்குள் புகுந்தாள். கூடத்தில் நீண்ட மேசையைச் சுற்றிப் பெண்கள். ஒருத்தி அட்டையை வெட்ட, இன்னொருத்தி பசை தடவ, நடுவில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவள் இப்படிச் சிரித்துக் கேட்டதில்லை. அந்த நினைப்பே அம்மாவுக்கு வெறியேற்றியது.

“இந்தக் கூத்தடிக்கத்தான் வந்தியா?”

கூடம் அடங்கிப்போயிற்று.

“இங்கயும் பேச்சை நிறுத்திட்டியே அம்மா” என்றாள் மகள்.

வார்டன் வந்தாள். கண்ணாடி போட்ட, களைத்துப்போன பெண். “பார்வையாளர் நேரம் முடிஞ்சிடுச்சும்மா. கிளம்புங்க.”

“என் பொண்ணைப் பார்க்க உன்கிட்ட நான் நேரம் கேட்கணுமா?”

காவலாளி வந்து அவளை வாசல் வரை கொண்டுவிட்டான். தெருவே பார்த்தது.

மறுநாளே மகளின் அறையில் வேறு பெண்கள் குடியேறினார்கள். மகளின் சாமான்கள் சாக்கில் கட்டி மாடிப்படியில் கிடந்தன. அவள் வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

அடுத்த ஆண்டு விடுதியில் புதுக் கட்டடம் திறந்தார்கள். மோட்டார் அம்மாவின் வீட்டில் வாடகைக்கு இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக அங்கே போகப் பெட்டியைக் கட்டினார்கள். தெருவில் மகளை மறித்துக்கொண்டாள் அம்மா. “என் வயித்துல அடிச்சிட்டியே! நீதானே இழுத்துட்டுப் போற?”

“இழுக்கல. கேட்டாங்க, நல்லா இருக்குன்னு சொன்னேன். பொய் சொல்லச் சொல்றியா?”

அதற்கப்புறம் பேச்சு அறுந்தது. மகளின் இறுதி ஆண்டுக் கண்காட்சிக்கு அழைப்பு வந்தது, அம்மா போகவில்லை.

படிப்பு முடிந்ததும் மகள் வந்து நின்றாள். அம்மா கம்பிக்கதவைத் திறக்கவில்லை.

“என்ன வேணும்?”

“வேற ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. நாளைக்குக் கிளம்புறேன்.”

“அங்கயும் ஹாஸ்டலா?”

“இல்ல. வாடகைக்கு ஒரு ரூம்.”

“வீட்டுக்காரி எப்படி?”

“தெரியல. நல்லவங்களா இருந்தா சரி.”

“இருக்க மாட்டா” என்றாள் அம்மா, சண்டைக்கு வருகிற குரலில். “தண்ணி எப்போ வரும்னு முதல்லயே கேட்டுக்கோ. வாயை மூடிட்டு இருக்காதே.”

சொல்லிவிட்டு உள்கதவை அறைந்து சாத்தினாள். மகள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். கதவு திறக்கவில்லை.