மனு எண் 994009

577-ஆல் வகுத்தார், மீதி 415. கெட்டுப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் அதை எழுதி அடிக்கோடு போட்டுவிட்டு, ஆதார் கார்டை நீட்டியபடி நின்றவரிடம் அறிவுச்செல்வன் கேட்டார்: "ரெண்டு பக்கமுமா?"

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்கு எதிரே கடை. வயது நாற்பத்தாறு. பி.எஸ்சி. கணக்கை இரண்டாம் வருடத்தோடு விட்டவர். கல்யாணம் ஆகவில்லை, அம்மா போன பிறகு, கடைக்குப் பின்னால் ஓர் அறையில் தனக்குத்தானே பொங்கிக்கொள்கிறார். நாளெல்லாம் ஆட்கள் வருவார்கள். எத்தனை காப்பி என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கைக்கு வரும் மனு ரசீதுகளில் ஏதாவது ஒன்றின் எண்ணைக் குறித்துக்கொள்வார். அது பகா எண்ணா, இல்லை எதனாலாவது மீதியில்லாமல் வகுபடுமா என்று பார்ப்பார். பத்து லட்சத்துக்கு உட்பட்ட எண் என்றால், ஆயிரத்துக்குள் இருக்கும் 168 பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும். எல்லாம் கையால்தான். "கால்குலேட்டர்ல போட்டா ஒரு நிமிஷத்துல வந்துடுங்க. அப்புறம் நான் என்ன பண்றது?"

994009 அடி அண்ணாமலை கிராமத்து வெள்ளையம்மாளின் எண். பட்டாவுக்கு மனு கொடுத்துவிட்டுத் திங்கட்கிழமைதோறும் வந்து விசாரித்துப் போகிறவர். இவர் 577-ல் இருந்த அன்று அவர் தாளில் தன் எண்ணைப் பார்த்துவிட்டு, என்ன இது என்று கேட்டார். நூற்றாறு எண்களைப் போட்டாயிற்று, ஒன்றுக்கும் மசியவில்லை என்றார் இவர். அது நல்லதா கெட்டதா என்று கேட்டதற்கு, இன்னும் அறுபத்திரண்டு எண் பாக்கி இருக்கிறது என்றார்.

"எது வரைக்கும் போச்சுன்னு அடுத்த வாரம் வந்து கேக்கறேன் தம்பி."

அப்படி இவரிடம் யாரும் சொன்னதில்லை. நாளைக்கு இருபது எண் வகுத்துக்கொண்டிருந்தவர், மறுநாளிலிருந்து ஒன்றோடு நிறுத்திக்கொண்டார். வெள்ளையம்மாளும் சொன்னபடி ஒவ்வொரு திங்களும் முதலில் கடைக்கு வந்து கேட்டுவிட்டுத்தான் ரோட்டைக் கடந்தார்.

ஒன்பதாவது வாரம் சந்தேகம் தட்டியது. 967-க்கு மீதி 900. 971-க்கு 676. 977-க்கு 400, 983-க்கு 196, 991-க்கு 36. எல்லாமே வர்க்க எண்கள், இறங்கிக்கொண்டே வந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி எண்ணான 997-ஐப் போட்டார். மீதி இல்லை. ஈவும் அதே 997. ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு வெளியே பார்த்தார். ஆபீசுக்கு விடுமுறை, ரோட்டில் யாருமில்லை. மறுபடி உட்கார்ந்து, பெருக்கிச் சரிபார்த்தார்.

மறுநாள் வெள்ளையம்மாள் பட்டாவோடு வந்து இரண்டு காப்பி எடுக்கச் சொன்னார். இனி இந்தப் பக்கம் அலைய வேண்டியதில்லை, நடவு வேலை வேறு கிடக்கிறது என்றார். பையை இடுக்கிக்கொண்டு படியிறங்கியவர் திரும்பினார்.

"நம்ம கணக்கு முடிஞ்சுதா தம்பி?"

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்குதுக்கா."

"அப்ப திங்கக்கெழம வந்து கேட்டுட்டே போறேன்."

அறிவுச்செல்வன் தலையாட்டியபடியே மேசைமேல் இருந்த தாளைக் கவிழ்த்து, அதன்மேல் ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்தார்.