அசன எலும்பும் அரைகுறை டாக்டரும்

எங்கள் வீட்டு நாயைக் கொன்றது நான்தான். விஷம் வைத்தெல்லாம் அல்ல... பாசத்தில்.

போன வருஷம் எங்கள் சபையில் அசனம். ஊரே ஒன்றாக உட்கார்ந்து சோறும் ஆட்டுக்கறிக் குழம்பும் சாப்பிடும் ஆலய விருந்து. பந்தி முடிந்ததும் எழுதப்படாத சடங்கு ஒன்று உண்டு. இலைகளில் கிடக்கும் எலும்பைப் பொறுக்கி, கவரில் கட்டி, வீட்டு நாய்க்குக் கொண்டுபோவது. நான் இரண்டு கவர் கொண்டுபோனேன். கமிட்டி மெம்பர் இல்லையா!

பிரவுணி ஒன்று விடாமல் தின்றது. மறுநாள் வாந்தி. வயிறு கல் மாதிரி இருந்தது.

"இஞ்சேருங்க, டாக்டர்ட்ட கொண்டு போவமா?" என்றாள் என் மனைவி ரோஸ்லி. பிரவுணி அவள் வளர்த்தது. பிள்ளைகள் கத்தாரில். வீட்டில் அவள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒரே ஜீவன் அதுதான்.

"வெறும் வாயு" என்றேன். முப்பது வருஷம் கெமிஸ்ட்ரி நடத்தியவனுக்கு ஒரு நாயின் வயிறு தெரியாதா? ஓமத்திரவம் கொடுத்தேன்.

எங்கள் ஊரில் நாய் வைத்தியர்களுக்குப் பஞ்சமே இல்லை. டீக்கடையில் மட்டும் மூன்று ஸ்பெஷலிஸ்டுகள். ஒருவர் மோர் என்றார். ஒருவர் விளக்கெண்ணெய் என்றார். "கல்ஃப்ல ஷேக்கு வீட்டு நாயெ நான்தான் பாத்தேன் சாரே. பட்டினி போடுங்க, எல்லாம் சரியாவும்" என்றார் மூன்றாமவர். எல்லாவற்றையும் செய்தேன். கால்நடை மருத்துவம் படித்த ஒருவரிடம் கேட்பதைத் தவிர.

மூன்றாம் நாள்தான் அதையும் விசாரித்தேன். வடசேரியில் ஒரு பெண் டாக்டர் இருக்கிறாராம். எங்கே? வாரம் இரண்டு முறை நான் காய்கறி வாங்கும் கடைக்கு நேர் மேலே, மாடியில்! போர்டில் நாய்ப் படம் வேறு. படித்தவன் அல்லவா... அண்ணாந்து பார்க்கும் பழக்கம் இல்லை.

டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டினார். "வேகவச்ச எலும்பு சார். ஊசி மாதிரி உடையும். குடலைக் குத்தியிருக்கு. முந்தாநாளே கொண்டு வந்திருந்தா ஆபரேஷன் பண்ணிப் பாத்திருக்கலாம்."

சாயங்காலம் பிரவுணியைக் கொல்லையில் புதைத்தோம். ரோஸ்லி என்னைத் திட்டவில்லை. "ஓமத்திரவம் மிச்சம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். அந்த பாட்டிலை எடுத்து, நான் தினமும் ஷேவிங் செய்யும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். அங்கேயே இருந்தது.

இந்த வருஷ அசனத்தில் எலும்புக்கென்று ஓர் அண்டா வைத்து, நானே காவலுக்கு உட்கார்ந்தேன். ஒரு கவரும் வெளியே போகக்கூடாது! பதிலுக்கு, டாக்டர் எழுதித் தந்ததை நகலெடுத்துக் கொடுத்தேன் — உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி, எலும்பு நீக்கியது; சோறு, கொஞ்சம் கேரட். தாளின் தலைப்பில் வடசேரி கிளினிக்குக்கு வழி.

"ஏலே, நாய்க்கு டயட்டாம்லே!" பந்தியே சிரித்தது. பலருக்கு அந்தத் தாள் கை துடைக்க வசதியாக இருந்தது. எனக்கு 'நாய் டாக்டர்' என்று பட்டமும் கிடைத்தது.

மறுநாள் காலை, என் பழைய மாணவன் தங்கராஜ் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்கிறான். சட்டைப் பையில் எலும்பைக் கடத்தியிருக்கிறான்!

"ஒரே வாந்தி சாரே. இதுக்குப் போயி வடசேரி வரைக்கும் எதுக்கு? நீங்க ஒருக்கா பாத்தா போதும்."

ரோஸ்லி கதவருகே வந்து நின்றாள்.

"நான் பாத்துதான் ஒண்ணு செத்துச்சு மக்கா. ஆட்டோவக் கூப்பிடு" என்றேன்.

ரோஸ்லியும் ஏறிக்கொண்டாள், நாயை மடியில் வைத்தபடி. அன்றே ஆபரேஷன். பிழைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த பாட்டிலைக் குப்பையில் போட்டாள். மன்னித்துவிட்டாளோ? ஆசையோடு அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எக்ஸ்பயரி ஆயிட்டு" என்றாள்.